ஒரு கடிதமும் மூன்று கையொப்பங்களும்

தாய்நாட்டை விட்டு மறுகரை சேரும் மக்கள் தம்முடன் பலவற்றையும் கொண்டு செல்கின்றனர். மொழி, வழிபாடு, உணவு முறை, ஊர்ப்பற்று, சாதிப் பெருமை, பழம்பகை ஆகிய யாவும் அவர்களோடு கப்பலேறுகின்றன. புதுநாட்டின் சட்டமோ இவ்வேறுபாடுகளைப் பொருட்படுத்துவதில்லை. எல்லோரையும் ஒரே பெயரால் அழைத்து ஒரே வேலிக்குள் அடைக்க அது முயல்கின்றது. சட்டத்தினால் ஒன்றாகக் கட்டப்பட்ட மக்கள் உள்ளத்தினாலும் ஒன்றுபடுவரோ என்பது எளிதில் விடை காணத்தக்க வினா அன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாபிரிக்காவில் வாழ்ந்த ஆசிய மக்கள் அவ்வினாவுக்கு ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் தம் வாழ்வினாலேயே விடை எழுதினர்.

1908ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள், ஜொகன்னஸ்பேர்க் நகரச் சிறைச்சாலையிலிருந்து திரான்ஸ்வால் அரசாங்கத்தின் குடியேற்றச் செயலாளர் ஜெனரல் ஸ்மட்சுக்கு ஒரு கடிதம் சென்றது. அதன் அடியில் மூவர் கையொப்பமிட்டிருந்தனர். ஒருவர் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. குஜராத்தில் பிறந்து இங்கிலாந்திலே சட்டம் பயின்ற பாரிஸ்டர். மற்றொருவர் லியுங் குவின். திரான்ஸ்வால் சீனர் சங்கத்தின் தலைவர். மூன்றாமவர் தம்பி நாயுடு. மொரீசியசுத் தீவிலே பிறந்து, இந்திய மண்ணை ஒருநாளும் மிதித்தறியாது, ஜொகன்னஸ்பேர்க்கில் வண்டித் தொழில் நடத்திய தமிழர் தலைவர். மொழியாலும் சமயத்தாலும் தொழிலாலும் வேறுபட்ட இம்மூவரின் பெயர்கள் ஒரே தாளில் இடம்பெற்றமை எவ்வாறு? அதனை அறிதற்கு அரை நூற்றாண்டு பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ என்னும் கப்பல் நேற்றால் நாட்டின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் ஐந்தாண்டு வேலை செய்வதாக ஒப்பந்தம் எழுதிய தொழிலாளரை அது கொணர்ந்தது. பத்து நாட்களின் பின் கல்கத்தாவிலிருந்து இரண்டாவது கப்பல் வந்தது. 1911ஆம் ஆண்டில் இம்முறை நிறுத்தப்படும்வரை ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு வந்திறங்கினர். அவருட் பெரும்பாலார் சென்னை மாகாணத்துத் தமிழரும் தெலுங்கருமாவர், ஏனையோர் வடநாட்டினர். கூலியாளரைத் தொடர்ந்து வணிகரும் வந்தனர். குஜராத்தி முஸ்லிம்களே அவர்களுள் மிகுதி. இந்துக்களும் பார்சிகளும் இடையிடையே இருந்தனர். தம் செலவிலே பயணச்சீட்டு வாங்கி வந்த அவ்வணிகர், ஒப்பந்தக் கூலிகளோடு தம்மை ஒன்றாக எண்ணுவதை விரும்பவில்லை.

வெள்ளைக் குடியேற்றக்காரர்க்குக் கூலியாளன் வேண்டியவனாக இருந்தான். குடிமகனாக அவன் நிலைபெறுவது வேண்டாததாக இருந்தது. இம்முரண்பாட்டிலிருந்தே அந்நாட்டுக் குடிவரவுச் சட்டங்கள் யாவும் பிறந்தன. 1895ஆம் ஆண்டு நேற்றால் சட்டமன்றம், ஒப்பந்தம் முடிந்தபின் மீண்டும் ஒப்பந்தம் எழுதாமலும் தாயகம் திரும்பாமலும் அங்கு தங்குவோர் ஆண்டுதோறும் மூன்று பவுண் வரி செலுத்த வேண்டுமென விதித்தது. பின்னர் பதினாறு வயது நிரம்பிய ஆண்மக்களும் பதின்மூன்று வயது நிரம்பிய பெண்மக்களும் அவ்வரிக்குள் கொணரப்பட்டனர். கணவன், மனைவி, வளர்ந்த மகன், மகள் என நால்வர் கொண்ட குடும்பத்துக்கு வரி பன்னிரண்டு பவுண், அதாவது 240 சிலிங். கூலியாளன் மாதம் 14 சிலிங் உழைத்தான் எனக் கொண்டாலும் ஆண்டு முழுவதும் அவன் கையிற் கண்டது 168 சிலிங்கே. ஆண்டு வருமானத்தையே விஞ்சும் இவ்வரியின் நோக்கம் பணம் திரட்டுவதன்று. மக்களை மீண்டும் ஒப்பந்தத்துள் தள்ளுவது அல்லது கப்பலேற்றி விடுவதேயாம்.

1897இல் வந்த நேற்றால் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஐரோப்பிய மொழி ஒன்றில் எழுதத் தெரியாதோர்க்கு வாயிலை அடைத்தது. அடுத்த நாடாகிய திரான்ஸ்வாலில் 1885ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டம் ஆசியர் நிலம் வாங்குவதைத் தடுத்திருந்தது. அத்திரான்ஸ்வாலிலே தங்கச் சுரங்கங்களுக்கென 1904 முதல் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட சீனத் தொழிலாளர் ஒப்பந்தத்தின்பேரில் வருவிக்கப்பட்டு, 1910 அளவில் திருப்பி அனுப்பப்பட்டனர். இவர்களின் வேறாக, சிறு கடைகள் நடத்தி வாழ்ந்த சீனர் ஆயிரம் பேரளவில் அந்நாட்டில் இருந்தனர். இந்தியர் பதினாயிரம் அளவினர்.

இவ்விரு மக்களையும் ஒருங்கே தாக்கிய அடி 1906ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் அரசாங்க வர்த்தமானியிலே வெளிவந்தது. எட்டு வயது நிரம்பிய ஒவ்வோர் ஆசியரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். பத்து விரல்களின் அடையாளமும் கொடுத்தல் வேண்டும். பதிவுச் சீட்டை எந்நேரமும் கைவசம் வைத்திருக்க வேண்டும். பொலிசார் கேட்டால் தெருவிலும் வீட்டிலும் காட்டல் வேண்டும் என்பன அச்சட்ட நகலின் விதிகள். செல்வந்தனான வணிகனும் தலைச்சுமை வியாபாரியும், பள்ளிவாசல் இமாமும் பாரிஸ்டரும், இந்தியனும் சீனனும் அச்சட்டத்தின் கண்ணுக்கு ஒரே தரத்தினராயினர். இறுமாப்புடன் விலகி நின்றோரையும் அவமானம் ஒரு வரிசையில் நிறுத்தியது.

செப்டம்பர் 11ஆம் நாள் ஜொகன்னஸ்பேர்க்கின் எம்பயர் நாடக மண்டபத்தில் மூவாயிரம் பேரளவில் இந்தியர் கூடினர். அப்துல் கனி என்னும் வணிகர் தலைமை தாங்கினார். சட்டம் நிறைவேறினால் அதற்குப் பணியாது சிறை செல்வோம் என்னும் தீர்மானத்தை முன்வைத்து, அதனைக் கடவுளின்பேரில் ஆணையிட்டு ஏற்றல் வேண்டுமெனச் சேட் ஹாஜி ஹபீப் உரைத்தார். காந்தியார் எழுந்து, ஆணையின் பொறுப்பை ஒவ்வொருவரும் தனித்தனியே உணர்தல் வேண்டுமென்றும், பிறர் அனைவரும் கைவிட்டாலும் தாம் ஒருவராக நின்று அதைக் காக்க வல்லவரே ஆணையிடல் வேண்டுமென்றும் விளக்கினார். சபையினர் எழுந்து நின்று, கையுயர்த்தி, தத்தம் கடவுளைச் சாட்சியாக்கி உறுதி எடுத்தனர். உறுதி ஒன்று; சாட்சியாக நின்ற தெய்வப் பெயர்கள் பல. இப்போராட்டத்தின் ஒற்றுமை எத்தகையது என்பதை அம்மண்டபமே காட்டிவிட்டது.

சட்ட நகலுக்கு எல்ஜின் பிரபு இலண்டனில் இசைவு மறுத்தார். ஆயின் 1907இல் தன்னாட்சி பெற்ற திரான்ஸ்வாலின் புதிய பாராளுமன்றம், அதே சட்டத்தைச் சிறு மாறுதல்களுடன் மார்ச்சு மாதத்தில் ஒரே நாளில் நிறைவேற்றியது. அவ்வாண்டின் பிற்பகுதியில் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்றும் அதனோடு சேர்ந்தது. முன்னையது உள்ளிருப்போரைக் குறியிட்டது. பின்னையது வெளியிலிருந்து எந்த ஆசியரும், எவ்வளவு கற்றவராயினும், உள்ளே வாராதவாறு கதவை மூடியது.

சீனரும் தம் சங்கத்திலே கூடி, பதிவு செய்வதில்லையென உறுதி பூண்டனர். அவர்தம் கூட்டங்களிற் காந்தியாரும் சென்று பேசினார். எனினும் இந்தியரும் சீனரும் தம் சங்கங்களை ஒன்றாகக் கலந்துவிடவில்லை. பிரித்தானிய இந்தியர் சங்கம் தன் வழியிலும், சீனர் சங்கம் தன் வழியிலும், அமீதியா இஸ்லாமியச் சங்கமும் தமிழர் நலச் சங்கமும் தத்தம் வழியிலும் இயங்கின. அவற்றின் பணப்பெட்டிகள் வேறு, கூடுமிடங்கள் வேறு. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது பல கைகள் ஒரு வடத்தைப் பற்றுவதுபோல, அவை ஒரே உறுதியைப் பற்றி நின்றன.

பதிவு அலுவலகங்களின் வாயிலில் தொண்டர் நின்று, பதியச் செல்வோரைப் பணிவுடன் தடுத்தனர். ஜொகன்னஸ்பேர்க்கில் அத்தொண்டர்க்குத் தலைவராக விளங்கியவர் தம்பி நாயுடு. பலமுறை நீட்டிக்கப்பட்ட தவணை 1907 நவம்பர் இறுதியில் முடிந்தபோது பதிந்திருந்தோர் ஏறக்குறைய 500 பேரே. சட்டத்தின் உட்கருத்தை அறியாது பதிந்துவிட்ட ஒரு சீன இளைஞர், அதனால் தம் மக்களுக்கு நேர்ந்த இழிவை உணர்ந்ததும் அம்மாதத்திலே தம்முயிரை மாய்த்துக்கொண்டார். இந்தியரும் சீனரும் ஒரே துயரத்தில் ஆழ்ந்த நாள் அது. சீனரின் ஒற்றுமை, தூய்மை, கொடைத்தன்மை ஆகியவற்றைக் காந்தியார் தம் பத்திரிகையில் வியந்து எழுதி, இவற்றில் அவர்கள் இந்தியரை விஞ்சிவிட்டனர் என்று தம்மவர்க்கு எடுத்துக்காட்டினார்.

1908 ஜனவரியில் தலைவர்கள் சிறைப்பட்டனர். சிறை நிரம்பியது. அப்பொழுதுதான் ‘திரான்ஸ்வால் லீடர்’ பத்திரிகையின் ஆசிரியர் ஆல்பட் காட்ரைட் சமரச முயற்சி செய்து, சிறைக்கு வந்து பேச, மேற்கூறிய கடிதம் எழுந்தது. சட்டத்தின் வற்புறுத்தல் நீங்குமாயின் ஆசியர் தாமாகவே பதிந்துகொள்வர் என்பது அதன் சாரம். இக்கடிதத்தைக் காந்தியார் ஒருவரே எழுதியிருக்கலாம். அரசாங்கமும் அவரோடேயே பேச விரும்பியது. ஆயினும் சீனர் தலைவரின் கையொப்பமும் தமிழர் தலைவரின் கையொப்பமும் அதிற் சேர்ந்தன. அதனால், ஒரு சாராரோடு உடன்பட்டு மறு சாராரைக் கைவிடும் வழி அடைபட்டது.

உடன்பாடு நெடுநாள் நிலைக்கவில்லை. மக்கள் தாமாகப் பதிந்தபின் சட்டம் நீக்கப்படும் என்று ஸ்மட்ஸ் வாக்களித்ததாகக் காந்தியார் கூறினார். அத்தகைய வாக்கு எதுவும் தரப்படவில்லையென ஸ்மட்ஸ் மறுத்தார். இந்தியருக்குள்ளேயும் ஐயம் எழுந்தது. பெப்ரவரி 10ஆம் நாள் பதிவுக்குச் சென்ற காந்தியாரை, அவர் தம்மைக் காட்டிக்கொடுத்தார் எனக் கருதிய மீர் ஆலம் என்னும் பட்டாணியர் தெருவிலே தாக்கினார்; இடைபுகுந்து தடுத்த தம்பி நாயுடுவும் காயமுற்றார். ஒற்றுமை என்பது ஒருமுறை கட்டிவிட்டால் என்றும் நிற்கும் மதிலன்று. தலைவர்களின் ஒவ்வோர் அடியிலும் அது மீண்டும் சோதிக்கப்படும் என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று. அவ்வாண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் ஜொகன்னஸ்பேர்க்கின் அமீதியாப் பள்ளிவாசல் முன்றலிலே இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பதிவுச் சீட்டுகள் பெரிய கொப்பரையில் இடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. முஸ்லிம்களின் தொழுகைத் தலத்து முன்றலில் இந்துவின் சீட்டும் பார்சியின் சீட்டும் கிறித்தவனின் சீட்டும் ஒன்றாய்ச் சாம்பலாயின.

இதன்பின் போராட்டத்திற் புதியதோர் இயல்பு தோன்றியது. தமக்கு நேராத இடரைத் தாமே வருவித்து ஏற்போர் முன்வந்தனர். நேற்றாலில் வாழ்ந்த பார்சி இளைஞர் சொராப்ஜி சாப்பூர்ஜி அடஜானியா, ஆங்கிலம் நன்கு கற்றவர். குடிவரவுச் சட்டத்தைச் சோதிக்கவென்றே எல்லை கடந்து திரான்ஸ்வாலுள் புகுந்து சிறை ஏற்றார். நேற்றாலின் பெருவணிகரான தாவூத் முகம்மதும் பார்சி ருஸ்தம்ஜியும் அவ்வாறே எல்லை கடந்தனர். அமீதியாச் சங்கத் தலைவரான இமாம் அப்துல் காதிர் பவாசீர், மெத்தென்ற வாழ்வு பழகியவர். உரிமமின்றித் தெருவிலே கூடை சுமந்து விற்றுச் சிறை புகுந்தார். கூலிப் பெற்றோர்க்கு மகனாய்ப் பிறந்து கேம்பிரிட்ஜில் கற்றுப் பாரிஸ்டரான தமிழ்க் கிறித்தவர் ஜோசப் ராயப்பனும் காய்கறிக் கூடை ஏந்தினார். இந்தியர் சங்கத் தலைவர் கச்சலியாவை, போராட்டத்தைக் கைவிடாவிடில் கடன் முழுவதையும் உடனே தீர்க்க வேண்டுமென வெள்ளை வணிகர் நெருக்கினர். அவர் தம் கடையை இழந்தார், கொள்கையை இழக்கவில்லை. பின்னர் கடன்காரர்க்குப் பவுணுக்கு இருபது சிலிங் வீதம் முழுத்தொகையும் தீர்ந்தது.

வெளியிலிருந்து நோக்குவோர்க்கு அவர்களின் கோரிக்கை மிகச் சிறிதாகவே தோன்றும். திரான்ஸ்வாலுள் இந்தியர் திரளாக வருதல் வேண்டுமென அவர்கள் கேட்கவில்லை. கற்ற இந்தியர் ஆண்டுக்கு ஆறு பேர் வந்தாலும் போதும். ஆனால் இனத்தின் பெயரால் விலக்கும் வாசகம் சட்டப் புத்தகத்தில் இருத்தலாகாது என்றனர். அவ்வாறு பேருக்காக எவரும் சிறை செல்லார். ஒரு வாசகத்தில் தங்கியிருந்த மானத்துக்காகவே வணிகனும் தொழிலாளியும் சிறை சென்றனர்.

அச்சுமையின் பெரும்பகுதி தமிழர் தோளிலே ஏறியது. பெருவணிகர் பலர் 1909 அளவில் தளர்ந்து விலகினர். சீனரும் இரு பிரிவாகப் பிளந்து தம்முட் பூசலிட்டனர். திரான்ஸ்வாலிலிருந்த தமிழ் ஆடவருட் சிறை காணாதோர் அரியர் என்னும் நிலை வந்தது. பதினெட்டு வயதினரான சாமி நாகப்பன், குளிர்காலத்திலே சிறைமுகாமில் வீதி அமைக்கும் வேலைக்கு அனுப்பப்பட்டு, நுரையீரல் நோயுற்று, விடுதலையான சில நாட்களில், 1909 ஜூலை 6ஆம் நாள் மாண்டார். அரசாங்கம் மக்களை நாடு கடத்தவும் தலைப்பட்டது. தமிழர் பலரும் சீனர் சிலரும் இந்தியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். 1910இல் லியுங் குவினும் நாடு கடத்தப்பட்டார். கடத்தப்பட்டுச் சென்னை வந்திறங்கிய தமிழரை ஜி. ஏ. நடேசன் வரவேற்று ஆதரித்தார். அவர்களுட் பலர் மீண்டும் கப்பலேறித் தென்னாபிரிக்காவை நோக்கிச் சென்றனர். அவ்வாறு சென்ற நாராயணசாமி என்பவர், டர்பன், போர்ட் எலிசபெத், கேப்டவுன் என ஒவ்வொரு துறைமுகத்திலும் இறங்க இடமளிக்கப்படாது, வாரக்கணக்கிற் கடலிலே அலைந்து, 1910 அக்டோபர் 16ஆம் நாள் டெலகோவா விரிகுடாவில் உயிர் நீத்தார். குடிவரவுச் சட்டம் என்பது தாளிலுள்ள எழுத்து. அது மனிதனைத் தொடும்போது எவ்வடிவம் கொள்கின்றது என்பதை அவருடைய மரணம் உணர்த்துகின்றது.

சிறை சென்றோரின் குடும்பங்களைக் காத்தற்கு 1910இல் டால்ஸ்டாய் பண்ணை தோன்றியது. ஜெர்மானிய யூதரான ஹெர்மன் கலன்பாக் என்னும் கட்டடக் கலைஞர், லாலி புகையிரத நிலையத்தை அடுத்த 1,100 ஏக்கர் நிலத்தைக் கொடுத்துதவினார். அங்கே தமிழரும் தெலுங்கரும் குஜராத்தியரும், இந்துக்களும் முஸ்லிம்களும் பார்சிகளும் கிறித்தவர்களும் ஒன்றாக வாழ்ந்தனர். சமையலறை எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதே முதலில் எழுந்த சிக்கல். இறைச்சி உண்ணும் வழக்கமுடையோரும் தாமாகவே இசைந்து, ஒரே மரக்கறிச் சமையலுக்கு உடன்பட்டனர். ரமழான் நோன்புக் காலத்தில் முஸ்லிம் சிறுவரோடு ஏனைச் சிறுவரும் நோன்பிருந்தனர். போப்பையர் எழுதிய தமிழ் நூலைக் கொண்டு சிறையிலே தமிழ் பயின்ற காந்தியார், தமிழ்ச் சிறுவர்க்குத் தமிழ் எழுத்துக் கற்பித்தார். அவர் 1903இல் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகை, ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் வெளிவந்தது என்பதும், 1906இல் தமிழ்ப் பகுதியும் இந்திப் பகுதியும் நின்றுபோயின என்பதும் ஈண்டுக் கருதத்தக்கன. பல மொழி மக்களை ஒன்று கூட்டுதல் விருப்பத்தினால் மட்டும் ஆவதன்று. அதற்கு அச்செழுத்தும் ஆசிரியரும் பணமும் வேண்டும்.

இத்துணை ஒற்றுமையிலும் பெருங்குறை ஒன்று நெடுநாள் இருந்தது. நேற்றால் கரும்புத் தோட்டங்களிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் மூன்று பவுண் வரியால் நசுங்கிய தொழிலாளரின் துயர், போராட்டக் கோரிக்கைகளுள் முதலில் இடம்பெறவில்லை. பதிவுச் சட்டம் வணிகனைத் தொட்டது. வரி அவனைத் தொடவில்லை. 1912இல் கோகலே தென்னாபிரிக்கா வந்து அமைச்சர்களைக் கண்டு, வரி நீங்குமென்னும் நம்பிக்கையுடன் திரும்பினார். அந்நம்பிக்கை பொய்த்தது. 1913 மார்ச்சு 14ஆம் நாள் கேப் மாகாண நீதிபதி சேர்ல் அளித்த தீர்ப்பின்படி, பலதார மணத்துக்கு இடந்தரும் சமயங்களின் முறைப்படி நடந்த திருமணங்கள் சட்டத்தின் முன் செல்லாதனவாயின. இந்து, முஸ்லிம், பார்சிக் குடும்பப் பெண்கள் ஒரே நாளில் சட்டப்படி மனைவியர் அல்லாதவராயினர். அவ்வாண்டு ஆகஸ்டில் தென்னாபிரிக்க ஒன்றியத்தின் புதிய குடிவரவுச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. அடித்தட்டு மக்களின் வரி, பெண்களின் மானம், எல்லோரையும் தடுக்கும் எல்லை ஆகிய மூன்றும் அப்பொழுதுதான் ஒரே கோரிக்கையாகப் பின்னப்பட்டன.

பெண்கள் களத்தில் இறங்கினர். கஸ்தூரிபாய் உள்ளிட்ட பதினாறு பேர் கொண்ட குழுவொன்று செப்டம்பரில் எல்லை கடந்து சிறை சென்றது. திரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட பதினொரு பெண்கள், பெரும்பாலும் தமிழர், சிலர் கைக்குழந்தையுடன், நியூகாசில் சுரங்கங்களை அடைந்து கூலி லயங்களிலே புகுந்து, வரி நீங்கும்வரை வேலைக்குச் செல்லற்க எனத் தொழிலாளரிடம் பேசினர். அவர்களுக்கு வீடு தந்தவர் லாசரஸ் என்னும் தமிழ்க் கிறித்தவர். தொழிலாளர் கருவிகளைக் கீழே வைத்தனர். நவம்பர் 6ஆம் நாள் 2,037 ஆடவரும் 127 பெண்டிரும் 57 குழந்தைகளும் சார்ள்ஸ்டவுனிலிருந்து புறப்பட்டு, அனுமதிச் சீட்டு இன்றித் திரான்ஸ்வால் எல்லையைக் கடந்தனர். நாளொன்றுக்கு ஒருவருக்கு ஒன்றரை இறாத்தல் பாணும் ஓர் அவுன்சு சீனியுமே உணவு. காந்தியார் நான்கு நாட்களில் மும்முறை கைதாயினார். ஆங்கிலேய யூதரான ஹென்றி போலக் அணியை நடத்தினார். தமிழும் தெலுங்கும் இந்தியும் பேசிய அம்மக்கள், தலைவர் இன்றியும் ஒழுங்கு குலையாது நடந்தனர்.

அவர்களைப் புகையிரதத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பி, சுரங்க வளவுகளையே சிறைச்சாலைகளாக்கினர். ஆயின் வேலைநிறுத்தம் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. பல்லாயிரவர் வேலையை விட்டனர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. இந்தியாவின் தேசாதிபதி ஹார்டிஞ்சுப் பிரபுவே சென்னையில் வெளிப்படையாக அம்மக்கள் பக்கம் பேசினார். சிறையிலே நோயுற்று, விடுதலையாகிய பின், 1914 பெப்ரவரி 22ஆம் நாள் உயிர் நீத்த பதினாறு வயதுச் சிறுமி வள்ளியம்மையின் பெயர் தமிழ் மக்கள் நன்கறிந்தது. அவள் குடும்பத்தின் ஊராகிய தில்லையாடி, அவள் ஒருநாளும் கண்டிராத ஊர்.

1914ஆம் ஆண்டின் இந்தியர் நிவாரணச் சட்டம் மூன்று பவுண் வரியை நீக்கியது. ஒரு மனைவியை மணந்த இந்தியத் திருமணத்தை ஏற்றது. இவை பெருவெற்றிகளே. எனினும் குடிவரவுக் கட்டுப்பாடு நீங்கவில்லை. மாகாண எல்லைகளை இந்தியர் தடையின்றிக் கடக்கும் உரிமையும் கிட்டவில்லை. நிலம் பற்றிய தடைகள் நின்றன. சட்டத்தின் பெயரே இந்தியர்க்குரியதாயிற்று. சிறைக் கடிதத்தில் கையொப்பமிட்ட சீனரின் மக்கள் அதனுள் அடங்கவில்லை.

வரலாறு நேர்மையுடன் சொல்லவேண்டிய இன்னொன்றும் உண்டு. அம்மண்ணின் மக்களாகிய ஆபிரிக்கர் அவ்வொற்றுமைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர். தம்மை ஆபிரிக்கரோடு சேர்த்து எண்ணலாகாது என்று இந்தியத் தலைவர்கள் தொடக்க காலத்திலே மனுக்கள் எழுதியிருந்தனர். அதே 1913ஆம் ஆண்டிலே சுதேசிகள் நிலச் சட்டம் ஆபிரிக்கரின் நிலவுரிமையை நாட்டின் மிகச் சிறு பகுதிக்குள் ஒடுக்கியது. அதே ஆண்டிலே புளூம்பொன்டீன் நகரத்து ஆபிரிக்கப் பெண்கள் தம்மீது சுமத்தப்பட்ட அனுமதிச் சீட்டை எதிர்த்துச் சிறை சென்றனர். காந்தியாரின் பீனிக்ஸ் குடியிருப்பும் ஆபிரிக்கத் தலைவர் ஜான் டூபேயின் ஓலாங்கே பள்ளியும் அயலயலே இருந்தன. இருந்தும் அவ்விரு போராட்டங்களும் இரு ஆறுகள்போலத் தனித்தனியே ஓடின. இந்தியரைக் கட்டிய சீட்டும் ஆபிரிக்கரைக் கட்டிய சீட்டும் ஒரே கையால் எழுதப்பட்டவை என்னும் உணர்வு பரவ மேலும் ஒரு தலைமுறை சென்றது.

1947 மார்ச்சு 9ஆம் நாள் டாக்டர் சூமா, டாக்டர் தாதூ, டாக்டர் நாயக்கர் ஆகிய மூவர் மற்றொரு தாளில் கையொப்பமிட்டனர். ஒருவர் ஆபிரிக்கத் தேசியக் காங்கிரசின் தலைவர். மற்றிருவர் திரான்ஸ்வால், நேற்றால் இந்தியக் காங்கிரசுகளின் தலைவர்கள். 1908இல் விடுபட்டிருந்த கையொப்பம் அன்று சேர்ந்தது. 1952இல் அநீதிச் சட்டங்களை மீறும் இயக்கத்தில் இரு மக்களும் சேர்ந்தே சிறை புகுந்தனர். 1994இல் எல்லா இனத்தவரும் வாக்களித்த தேர்தலில் அவ்வழி முடிவு கண்டது.

இவ்வரலாற்றை ஒழுங்காக நோக்கின் ஓர் உண்மை தெளிவாகின்றது. பல மக்கள் ஒன்றுபடுதற்குத் தம் மொழியை மறத்தலோ, தெய்வத்தை மாற்றுதலோ, சங்கத்தைக் கலைத்தலோ வேண்டியதில்லை. தமிழன் தமிழனாகவும் சீனன் சீனனாகவும் முஸ்லிம் முஸ்லிமாகவும் நின்றே அவர்கள் ஒன்றுபட்டனர். ஒருவன் தன்னைத் தொடாத துன்பத்தையும் தன் துன்பமாக ஏற்ற இடத்தில் அவர்களின் கை வலுத்தது. வரி செலுத்தாத வணிகன் வரி செலுத்தும் கூலியின் பொருட்டுச் சிறை சென்றபோது அரசு அசைந்தது. ஒவ்வொருவரும் தமக்குரியதை மட்டும் பெற்றுக்கொண்டு எழுந்தபோது எஞ்சியது அரைகுறை நீதியே. எவர் பெயர் தாளில் விடுபட்டதோ அவருக்குரிய நீதியும் விடுபட்டது. அதனைச் சேர்த்தெழுதப் பின்வந்த தலைமுறை மீண்டும் சிறை செல்ல நேர்ந்தது.